மடியில் சுளகு வைத்த குற்றம்

ஆகஸ்ட் 5, திங்கள்

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டின் முதல் பக்கத்தில் பெயர் எழுதிவைப்பது என் வழக்கம். ஆவுடைநாயகம், வயது ஐம்பத்திரண்டு, தொழில் மனு எழுதுதல். இடம், தாலுகா ஆபீஸ் வாசலில் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகை. நாற்காலி தேவையில்லை. என் மூன்று சக்கர சைக்கிளிலேயே உட்கார்ந்து, கைப்பிடிகளின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு எழுதுகிறேன்.

இன்று பதினோரு மனு. பட்டா மாறுதல் நான்கு, முதியோர் உதவி மூன்று, மிச்சமெல்லாம் அண்ணன் தம்பிச் சண்டை. திங்கட்கிழமை என்றால் வாசலில் திருவிழாக் கூட்டம்தான். எல்லோர் வீட்டுச் சங்கதியும் எனக்குத் தெரியும். என் பெயர் அவர்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டால், சந்தேகம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு வயதில் கால்களில் தசை தேய ஆரம்பித்து, நாற்பத்தாறில் நடை முற்றிலும் நின்றது. அப்போதிருந்து அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. என் பெயருக்கு எதிரே 'எந்த வேலையும் செய்ய இயலாதவர்' என்று பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேடு இருக்கும் ஆபீசின் வாசலில்தான் நான் காலை முதல் மாலை வரை வேலை செய்கிறேன். உள்ளே இருப்பவர்களே, வாசலில் அண்ணாச்சி இருப்பார், எழுதிக்கொண்டு வாருங்கள் என்று ஆள் அனுப்புகிறார்கள். இத்தனை வருடத்தில் யாருக்கும் இது உறுத்தவில்லை. எனக்கும்தான்.

உதவித்தொகை அறை வாடகைக்குப் போகிறது. மனு எழுதிக் கிடைப்பது சாப்பாட்டுக்கு. இரண்டில் எது போனாலும் நான் தெருவில்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இப்போது வரும் பேனாக்கள் ஒன்றும் சரியில்லை. பிடி வழுக்குகிறது. தடித்த பேனா ஒன்று வாங்கினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று ஒரு நல்ல மனு எழுதினேன். அந்தத் திருப்தியை எழுதிவைக்கவே நோட்டை எடுத்தேன்.

வந்தவள் பெயர் இசக்கியம்மாள். நாற்பது வயதிருக்கும். பீடி சுற்றுகிறவள் என்பது விரல் நுனியிலேயே தெரிந்தது. கணவன் சுடலைமுத்து கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய், மூன்று வருடமாகத் தரையோடு கிடக்கிறான். உதவித்தொகைக்கு எழுதிப்போட்டார்கள். விசாரிக்க அதிகாரி வந்த நேரம், சுடலைமுத்து சுவரில் சாய்ந்து, பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு, மனைவிக்கு ஒத்தாசையாக நாலு பீடி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். 'விண்ணப்பதாரர் தொழில் செய்கிறார்' என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்னு நாந்தான் சுளகைத் தூக்கி மடியில வச்சேன் அண்ணாச்சி," என்றாள். "நான் வைக்காம இருந்திருக்கலாம்."

அவள் கேட்டது மறுபரிசீலனைக்கு ஒரு சாதாரண மனு. பத்து வரியில் முடிந்திருக்கும். எனக்குத்தான் இன்று வார்த்தை ஊறியது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:

'பொது இடங்களில் அமர்ந்து, அனைவரும் காண வெளிப்படையாகத் தொழில் செய்துவருவோர் பலருக்கு இத்தொகை தங்குதடையின்றி வழங்கப்பட்டுவரும்போது, தன் வீட்டுக்குள் மடியில் சுளகு வைத்த ஒரே குற்றத்துக்காக என் கணவர் தண்டிக்கப்படுவது எவ்வகை நீதி என்பதைத் தாங்களே கூற வேண்டுகிறேன்.'

படித்துக் காட்டினேன். அவளுக்குப் பாதி புரியவில்லை. கண் கலங்கியது. இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். எனக்கு ஒரே பெருமை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

என் அறைக்கு முன்னால் இருக்கும் லேத் பட்டறைக்கு இன்று விடுமுறை. சத்தமே இல்லை. மெஸ்ஸிலிருந்து இட்லி கொண்டுவந்தவரிடம் சட்னி வேண்டாம் என்றேன். நாள் முழுவதும் நான் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

ஆகஸ்ட் 14, புதன்

சைக்கிள் செயின் இறுகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றவே முடியவில்லை. எண்ணெய் போடச் சொன்னேன். பட்டறைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, பஞ்சு போல ஓடுகிறதே அண்ணாச்சி என்றார். அவருக்கு லேத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

வெயில் தாங்கவில்லை. சட்டையின் மேல் பொத்தான்களைப் போடுவதில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூன்று மனு மட்டுமே. கூட்டம் எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறது. போகட்டும். அங்கே கிடைப்பது அச்சடித்த எழுத்து. என்னிடம் கிடைப்பது வார்த்தை.

பெரியாஸ்பத்திரியில் பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதி போன மாதமே போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு யார் போவது?

மெஸ்ஸில் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அது சுத்தம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சமூகப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் கோமதி மேடம் நல்லவர். மத்தியானம் டீ குடிக்க வருவதுபோல் வந்து, என் பலகை மேல் ஒரு காகிதத்தை வைத்தார். இசக்கியம்மாளின் மனு. நான் சேர்த்த கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. பக்கத்தில், 'அனைத்துப் பயனாளிகளையும் நேரில் விசாரிக்கவும். தொழில் செய்வோரை நீக்கவும்' என்று புதிதாக வந்திருக்கும் அதிகாரியின் குறிப்பு.

"இது ஒங்க கையெழுத்துதான அண்ணாச்சி? எழுத்து கோணலா இருக்கவும் மொதல்ல நம்பல. அந்த வரியப் பாத்ததும் தெரிஞ்சிட்டு. அந்த மாதிரி வேற யாரு எழுதுவா?"

பேனா சரியில்லை என்றேன்.

அவர் பேனாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. பொது இடத்தில் அமர்ந்து, அனைவரும் காணத் தொழில் செய்பவர் இந்த ஊரில் யார் என்று அதிகாரி கேட்டாராம். ஜன்னல் வழியே பார்த்தால் நான்தான் தெரிகிறேன். யாரும் பதில் சொல்லவில்லையாம். கொஞ்ச நாள் வாசல் பக்கம் வராதீர்கள், வி.ஏ.ஓ. வீட்டுக்கு வரும்போது படுத்துக்கொண்டிருங்கள், வேலை செய்யவில்லை என்று உங்கள் கையால் நாலு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வரி யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. எழுதும்போது அந்தப் 'பலர்' யாரென்று யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. வரி நன்றாக அமைந்துவிட்டது. நான் பார்த்தது அதை மட்டும்தான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

அறையிலேயே இருக்கிறேன். பட்டறைச் சத்தம் நல்ல துணை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பட்டறை இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

வாசலில் என்னைத் தேடியிருப்பார்களா என்று யோசித்தேன். ஒருவராவது வந்து, எங்கே அண்ணாச்சி, ஆளைக் காணோம் என்று கேட்டால் போதும். என் அறை எங்கே என்று யாருக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. இத்தனை பேர் முகவரியை எழுதினேன். என் முகவரியை யாரும் கேட்டதில்லை.

வி.ஏ.ஓ.விடம் கொடுக்க வேண்டிய நாலு வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது. காகிதத்தில் இன்னும் எழுதவில்லை. அவர் வரட்டும்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. மெஸ்காரர் கொழுக்கட்டை வைத்துவிட்டுப் போனார். தட்டு கை தவறி விழுந்தது. தரை வழுக்கல்.

செப்டம்பர் 11, புதன்

வி.ஏ.ஓ. வந்தார். போனார்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆபீஸ் போனேன். ஆட்டோவில்.

செப்டம்பர் 13, வெள்ளி

நாலு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

இசக்கியம்மாள் வந்தாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இந்தப் பக்கத்தின் எழுத்து என்னுடையது அல்ல. நான் சொல்லச் சொல்ல, சுடலைமுத்து எழுதுகிறார். அவருடைய வீட்டில், அவருடைய பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். எழுத்து மணி மணியாக இருக்கிறது. இந்தப் பாராட்டை எழுத மாட்டேன் என்றார். எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். சுடலைமுத்துவுக்குப் போன வாரம் உதவித்தொகை அனுமதியாகிவிட்டது. மறுபடி விசாரிக்க வந்த அன்று சுளகை இசக்கியம்மாள் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டுதான் பீடி சுற்றுகிறார். அவர் எழுதுவதை யாராவது பார்த்து, அதையும் தொழில் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் எனக்கும் சாத்திய கதவுதான்.

முன் பக்கங்களைப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நோட்டு கைக்கு வந்ததுமே படித்துவிட்டாராம். ஆகஸ்ட் எட்டாம் தேதியில் தன்னைப் பற்றி 'கிடக்கிறான்', 'சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான்' என்று இருப்பதையும் பார்த்தாராம். மன்னிப்புக் கேட்டேன். மனுவில் மரியாதையாகத்தானே எழுதியிருந்தீர்கள், அது போதும் என்றார்.

இனி செப்டம்பர் பதினொன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

வி.ஏ.ஓ. ஸ்டீபன் சின்ன வயசு. மரியாதையான ஆள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் கோமதி மேடம் சொன்னபடி படுத்திருந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டார். காகிதத்தையும் அட்டையையும் கொடுத்து, எந்த வேலையும் செய்யவில்லை என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எழுந்து உட்கார்ந்தேன். வார்த்தை தயாராக இருந்தது. பேனாவைப் பிடித்தேன். கட்டைவிரல் மடங்கவில்லை. இடது கையால் மடக்கிவைத்து மறுபடி பிடித்தேன். 'ஐயா' என்று எழுதுவதற்குள் பேனா உருண்டு கீழே போனது. மூன்று தரம் எடுத்துக் கொடுத்தார். மூன்று தரமும் விழுந்தது.

"அண்ணாச்சி, என்கிட்ட எதுக்கு நடிப்பு? எங்கம்மா பென்சனுக்கு நீங்கதான எழுதிக் குடுத்திய?" என்றார். "சும்மா இருங்க, நானே எழுதிக்கிடுதேன். கைநாட்டு மட்டும் வச்சிருங்க."

கோபமில்லாமல், ஒரு சலுகை போலத்தான் சொன்னார். பிறகு, எந்த வேலையும் செய்ய இயலாதவர் என்று தன் கையால் எழுதி, என் விரலுக்காக மை டப்பாவைத் திறந்தார்.

நடிப்பு என்றாரே, அதைச் சொல்ல வேண்டும். அத்தனை நாளும் நான் நடித்தது உண்மை. ஆனால் நடித்தது கால் இல்லாதவனாக அல்ல, கை இருப்பவனாக. அந்த ஒரு நிமிடம்தான் நான் நடிக்காமல் இருந்தேன். அதைத்தான் அவர் நடிப்பு என்றார். அந்த வரிக்குக் கீழே விரலை வைத்தால் தொகை தொடரும். வாடகை போகும். எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த வரிக்குக் கீழே என்னால் விரலை வைக்க முடியவில்லை. பிறருக்கு ஆயிரம் தரம் எழுதிக் கொடுத்த அதே வார்த்தைதான். என்னைப் பார்த்து அது சொல்லப்பட்டபோது, இல்லை என்று கத்தத் தோன்றியது.

"நான் வேலை பார்க்கேன் தம்பி," என்றேன். "மனு எழுதுதேன். அப்பிடியே எழுதிக்கிடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் யோசிக்கவில்லை. வேறு காகிதத்தில், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் தொழில் செய்துவருகிறேன் என்று அவர் எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட முடியவில்லை. மனு எழுதும் தொழில் செய்கிறேன் என்ற வரிக்குக் கீழே நான் கைநாட்டு வைத்தேன்.

அப்போதுதான் ஸ்டீபன் என் கையைச் சரியாகப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இதைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் அண்ணாச்சி என்றார். கொண்டுபோங்கள் என்றேன். வெகுநேரம் வாசலில் நின்றுவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

மறுநாள் சைக்கிளையும் சுமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, வீம்புக்கு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். தொழில் செய்கிறவன் அல்லவா, செய்ய வேண்டுமே. முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் வந்த நாலு பேரையும் கண்ணாடி உடைந்துவிட்டது, கம்ப்யூட்டர் சென்டருக்குப் போங்கள் என்று அனுப்பினேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பதினாறாம் தேதி இசக்கியம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். அனுமதிக் கடிதம் வந்த சந்தோஷம். எல்லாம் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என்று கொட்டகையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேங்குக்கு ஒரு சீட்டுப் பூர்த்தி செய்ய வேண்டும், பேரும் ஊரும்தான் என்றாள். பேனா இல்லை என்றேன். பேனா கொடுத்தாள். பிறகு எழுதித் தருகிறேன் என்றேன். அவள் போகவில்லை. பலகை மேலிருந்த என் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள்.

"இந்த வெரலு எத்தன நாளா இப்பிடி இருக்கு அண்ணாச்சி?"

வெயில், பேனா, வழுக்கல் எல்லாம் வாய் வரை வந்தன.

"பீடி சுத்துதவளுக்கு வெரலு தெரியாதா?" என்றாள்.

சித்திரையிலிருந்து என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த நோட்டில்கூட நான் சொன்னதில்லை. என் கையை இன்னொருவர் பிடித்து எத்தனை வருடமாகிறது என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். ஞாபகத்தில் ஒன்றும் வரவில்லை. கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து அழுதேன். அவள் கையை விடவுமில்லை, அழாதீர்கள் என்று சொல்லவுமில்லை. என் முகவரியைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவோடு வந்து நிற்பேன் என்றாள். வந்து நின்றாள்.

மத்தியானம் இங்கே சாப்பாடு. சாளைக் கருவாட்டுக் குழம்பு. ஸ்பூன் கேட்கக் கூச்சப்பட்டேன். கேட்பதற்கு முன்பே தட்டில் இருந்தது.

சாப்பிட்டதும் சுடலைமுத்து வெள்ளைக் காகிதத்தை எடுத்தார். என் தொகை நின்றுவிட்டது, அடுத்த மாதம் வாடகை கொடுக்க வழியில்லை, புது மருத்துவச் சான்று வாங்கி, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதை இன்றே எழுதிவிடலாம் என்றார். நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தை இல்லாமல் எழுத வேண்டும் என்றேன். எந்த வார்த்தை என்று கேட்டார். இயலாதவர் என்பது என்றேன். அது இல்லாமல் எந்த ஆபீசில் தருவார்கள் என்று கேட்டார். வேறு வார்த்தை தேடினேன். முப்பது வருடம் படித்தும் எழுதியும் சேர்த்த அத்தனை வார்த்தையிலும் தேடினேன். ஒரு மணி நேரம் அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் அவர்தான் வழி சொன்னார். ஆபீசுக்கு நாளை எழுதலாம், இன்றைக்கு உங்கள் நோட்டுக்கு எழுதுங்கள், அதில் நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதிகாரி யாரும் படிக்கப்போவதில்லை என்றார். நீங்கள் படிக்கிறீர்களே என்றேன். "நான் ஆபீசர் இல்லல்லா அண்ணாச்சி," என்றார்.

அதனால்தான் இத்தனையும் சொன்னேன். பாக்கி இருப்பது ஒரே வரி. அதையும் எழுதச் சொல்கிறேன்.

ஆவுடைநாயகம் ஆகிய எனக்குக் கை போய்விட்டது.

சுடலைமுத்து எழுதிவிட்டார். பேனாவை மூடாமல் என் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன அண்ணாச்சி என்று கேட்கிறார்.